ஊழும் பொறுப்பும்: ஆசீவக நியதிக் கொள்கையும் தமிழ் இலக்கிய மரபின் மறுமொழியும்

முன்னுரை

மனித வாழ்வை வகுப்பது அவரவர் மேற்கொள்ளும் தெரிவுகளா, அன்றி அவருக்குப் புறத்தே நின்று இயங்கும் சூழல்களா என்னும் வினா மிகப் பழமையானது. இந்தியச் சிந்தனை வரலாற்றில் இவ்வினா கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டுகளில் கங்கைச் சமவெளியில் கூர்மை பெற்றது. முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை, யாவும் நியதியின் வழியே நிகழும் என உரைத்த ஆசீவகம் தனிச் சமயமாகவே உருப்பெற்று, வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் நெடுங்காலம் நிலவிற்று. தமிழில் ஊழ் என்னும் சொல் பெற்ற பொருள் வளர்ச்சியை ஆராய்வோர் இச்சமயத்தைப் புறந்தள்ளிச் செல்ல இயலாது.

ஆசீவகத்தை வெறும் சோம்பல் கொள்கையாகக் கருதும் போக்கு ஒருபுறமும், தமிழரின் ஊழ்க் கோட்பாட்டை முழுமையான விதிவாதமாகக் கருதும் போக்கு மறுபுறமும் காணப்படுகின்றன. இவ்விரு கருத்துகளும் மறு ஆய்வுக்குரியன. தமிழ் நூல்கள் ஊழின் வலிமையை ஏற்கின்றன. எனினும் அதனைச் செயலின் பொறுப்பிலிருந்து தப்பும் வழியாக ஏற்கவில்லை. இவ்வேறுபாட்டை வரலாற்று நோக்கில் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகளின் இயல்பு

ஆசீவகரின் மூல நூல் ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை. அவர்தம் கொள்கைகளை அறிய உதவும் சான்றுகளுள் பெரும்பாலானவை அவர்களை மறுத்த பௌத்த, சமண நூல்களிலும், பிற்காலச் சைவ நூல்களிலும் உள்ளன. பேணி மாதவ பருவா 1920-இல் வெளியிட்ட ஆய்வும், ஏ.எல். பாசம் 1951-இல் வெளியிட்ட விரிவான நூலும் இச்சிதறிய செய்திகளைத் தொகுத்தே ஆசீவக வரலாற்றை உருவாக்கின. பாசம் தம் ஆய்வில் தமிழ்ச் சான்றுகளுக்குச் சிறப்பிடம் அளித்தமை குறிப்பிடத்தக்கது. மறுப்பவர் வாயிலாகவே ஒரு கொள்கையை அறிய நேரும்போது, எதிரிக்கு வசதியான வடிவிலேயே அது சொல்லப்பட்டிருக்கக்கூடும் என்னும் எச்சரிக்கை ஆய்வாளர்க்கு வேண்டும்.

மற்கலியும் எள்செடியும்

ஆசீவகத்தின் முதன்மை ஆசானாகக் கருதப்படுபவர் மக்கலி கோசாலர். தமிழ் நூல்கள் இவரை மற்கலி என வழங்குகின்றன. தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம், மகத மன்னன் அசாதசத்துரு ஆறு ஆசான்களிடம் துறவின் பயனை வினவியதாகக் கூறுகிறது. அவருள் ஒருவரான மக்கலி, உயிர்கள் மாசுறுவதற்கும் தூய்மை பெறுவதற்கும் காரணம் எதுவுமில்லை என்றும், ஆற்றலோ முயற்சியோ பயன் தாராது என்றும் உரைத்ததாக அந்நூல் பதிவு செய்கிறது. எறியப்பட்ட நூலுருண்டை தன் நீளம் முடியும்வரை பிரிந்து செல்வதுபோல, அறிவுடையோரும் அறிவிலாரும் ஒருங்கே 84 இலட்சம் மாகற்பங்கள் சுழன்று, அதன்பின் துன்பம் நீங்குவர் என்பது அவர் கொள்கையாகக் காட்டப்பெறுகிறது.

சமணரின் பகவதி சூத்திரம் பதினைந்தாம் பகுதியில் இக்கொள்கையின் தோற்றம் பற்றிய ஒரு கதை உள்ளது. மகாவீரரும் கோசாலரும் ஆறு ஆண்டுகள் உடன் திரிந்தனர். ஒருநாள் வழியில் நின்ற எள்செடி ஒன்று காய்க்குமா எனக் கோசாலர் வினவ, அது காய்க்கும் என்றும், ஒரு காயில் ஏழு விதைகள் தோன்றும் என்றும் மகாவீரர் விடையிறுத்தார். அவ்விடையைப் பொய்யாக்க எண்ணிய கோசாலர் எவரும் அறியாமல் செடியைப் பிடுங்கி எறிந்தார். பின்னர் மழை பெய்தது. செடி மீண்டும் வேரூன்றிற்று. இருவரும் அவ்வழியே திரும்பியபோது செடி காய்த்திருந்தது. காயில் ஏழு விதைகள் இருந்தன.

இக்கதை கோசாலரைப் பழிக்கும் நோக்குடன் சொல்லப்பட்டதே. எனினும் அதில் ஒரு தருக்கம் அடங்கியுள்ளது. செடியைப் பிடுங்கியது கோசாலரின் தெரிவு, மழை புறச்சூழல். அவர் செய்த செயலும் நிகழ்ச்சிப் போக்கின் ஓர் அங்கமாகவே அமைந்து, முன்னர்க் கூறப்பட்ட முடிவிலேயே சென்று முடிந்தது. மனிதனின் தெரிவு நியதிக்கு எதிரானதன்று, அதுவும் நியதிக்குள் அடங்கியதே என்பது இதன்வழிப் பெறப்படும் கருத்தாகும்.

குயவரிடம் எழுப்பிய வினா

நியதிக் கொள்கைக்கு எதிராக எழுந்த வாதங்களுள் தெளிவானது சமணரின் உபாசகதசா என்னும் நூலின் ஏழாம் இயலில் இடம்பெறுகிறது. போலாசபுரத்தில் வாழ்ந்த சத்தாலபுத்தர் என்னும் செல்வமிக்க குயவர் ஆசீவகத்தைப் பின்பற்றியவர். அவருக்கு ஊர்ப்புறத்தே 500 மட்கலக் கடைகள் இருந்ததாக நூல் கூறும். வனைந்த கலங்களை அவர் காற்றில் உலர்த்திக்கொண்டிருந்தபோது, இக்கலங்கள் முயற்சியால் ஆயினவா, முயற்சியின்றியே ஆயினவா என மகாவீரர் வினவினார். மண்ணைக் குழைத்துச் சக்கரத்தில் ஏற்றும் முறையை விளக்கிய சத்தாலபுத்தர், தம் சமயக் கொள்கைக்கேற்ப, இவை முயற்சியால் ஆனவையல்ல என்றார்.

இக்கலங்களை ஒருவன் திருடினால் அல்லது உடைத்தால், உம் மனைவி அக்கினிமித்திரையிடம் தகாது நடந்தால், அவனை என் செய்வீர் என்பது மகாவீரரின் அடுத்த வினா. அடிப்பேன், கொல்லவும் செய்வேன் என்றார் குயவர். முயற்சி என ஒன்று இல்லையாயின் அக்குற்றத்தைச் செய்தவர் எவரும் இல்லை, செய்தவர் இல்லாதவிடத்துத் தண்டனை எவ்வாறு பொருந்தும் என மகாவீரர் மடக்கினார். சத்தாலபுத்தர் சமணத்தைத் தழுவியதாகக் கதை தொடர்கிறது.

இவ்வாதம் நியதி உண்டா இல்லையா என்பதனை நேரடியாக ஆராயவில்லை. நியதியை ஏற்பவர் பிறரைக் குற்றம் சாட்ட முடியுமா என்பதையே அது வினவுகிறது. நிகழ்வின் காரணம் பற்றிய வினா, செயலின் பொறுப்புப் பற்றிய வினாவாக இங்கு மாறுகிறது. பௌத்தமும் இத்தளத்திலேயே நின்று மறுத்தது. மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வருவன என்பாரையும், இறைவன் படைப்பால் வருவன என்பாரையும், காரணமின்றி வருவன என்பாரையும் அங்குத்தர நிகாயத்தில் புத்தர் ஒருசேர மறுக்கிறார். இம்மூன்றனுள் எதனைப் பற்றினாலும், செய்யத்தக்கது எது, தவிர்க்கத்தக்கது எது என்னும் உணர்வும் முயற்சியும் அற்றுப்போகும் என்பது அவர் கூறும் காரணம். முன்வினையை ஏற்கும் சமயமே முழு முன்வினைவாதத்தை மறுத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சமணம் பிற்காலத்தில் ஓர் இணக்கத்தைக் கண்டது. காலம், இயல்பு, நியதி, முன்வினை, மனித முயற்சி என்னும் ஐந்தனுள் எந்த ஒன்றையும் தனிக்காரணமாகக் கொள்வது பிழை, ஐந்தும் கூடியே காரணமாகும் எனச் சித்தசேன திவாகரர் சன்மதி தருக்கத்தில் நிறுவினார். மறுக்கப்பட்ட நியதி ஐந்தனுள் ஒன்றாக இடம்பெற்றது.

பராபர் குகைகளும் ஆசீவகரின் தவமும்

முயற்சி பயனற்றது என்ற ஆசீவகர் முயற்சியற்று வாழ்ந்தாரல்லர். அவர்தம் கடுந்தவத்தை எதிர்ச்சமய நூல்களே ஒப்புக்கொள்கின்றன. பீகாரில் கயைக்கு வடக்கே அமைந்துள்ள பராபர் குன்றில் அசோகர் தம் ஆட்சியின் 12-ஆம் ஆண்டில் ஆசீவகர்க்குக் குடைவரைகளை வழங்கியதைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அடுத்துள்ள நாகார்ச்சுனிக் குன்றில் அவர் பேரன் தசரதர் மூன்று குடைவரைகளை வழங்கினார். இன்று தில்லியில் பெரோசு சா கோட்லாவில் நிற்கும் தோப்ராத் தூணின் ஏழாம் சாசனம், அசோகரின் தரும மகாமாத்திரர்கள் ஆசீவகரிடையேயும் பணியாற்றியதைக் குறிப்பிடுகிறது. கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்ட பராபர் குகைச் சுவர்கள் கடும் மனித உழைப்பின் விளைவு. அவ்வுழைப்பு, உழைப்பின் பயனை மறுத்த துறவியர்க்காகச் செலவிடப்பட்டது.

இம்முரண்பாட்டை ஆசீவகர் எவ்வாறு விளக்கினர் என்பதற்கு அவர்தம் கூற்றாக எதுவும் எஞ்சவில்லை. எனினும், தவமும் நியதியின் ஒரு கூறே, இறுதிப் பிறவியை அடைந்த உயிர் இயல்பாகவே தவத்தை மேற்கொள்ளும் என்னும் விளக்கம் அவர் கொள்கைக்குப் பொருந்துவதாகும்.

இச்சமயத்தைத் தழுவியவர் யாவர் என்பதும் சிந்திக்கத்தக்கது. சத்தாலபுத்தர் குயவர். கோசாலர் சாவத்தியில் தங்கியதும் தம் இறுதி நாள்களைக் கழித்ததும் ஆலாகலை என்னும் குயப்பெண்ணின் இடத்தில் எனப் பகவதி சூத்திரம் கூறும். கைவினைஞரும் வணிகரும் இச்சமயத்தின்பால் ஈர்க்கப்பட்டமைக்குச் சமூகக் காரணம் ஒன்றை ஊகிக்கலாம். முன்வினைக் கொள்கையின்படி இழிந்ததாகக் கருதப்படும் பிறப்பு, அப்பிறப்பினன் முன்பு செய்த தீவினையின் பயனாகும். அதாவது, புறச்சூழல் என்பதே அவன் பழைய தெரிவின் உறைந்த வடிவமாகிவிடுகிறது. துன்புறுவோன்மீதே பழியும் சுமத்தப்படுகிறது. நியதிக் கொள்கையில் இப்பழிக்கு இடமில்லை. உயர்பிறப்பு தகுதியின் பரிசும் அன்று. தாழ்ந்த நிலை குற்றத்தின் தண்டனையும் அன்று. இந்நோக்கில், நம்பிக்கையின்மையாகத் தோன்றும் நியதி, ஒரு சாரார்க்கு ஆறுதலாகவும் இருந்திருத்தல் கூடும்.

தமிழில் ஊழ்

ஊழ் என்னும் சொல் முறைமை என்னும் பொருளுடையது. ஊழ்த்தல் என்னும் வினை மலர்தல், முதிர்தல் ஆகிய பொருள்களில் வழங்குகிறது. உரிய பருவத்தில் உரியது நிகழும் என்னும் கருத்து இச்சொல்லில் இயல்பாகவே பொதிந்துள்ளது. பால் என்னும் சொல்லும் இப்பொருளில் வழங்கிற்று; தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது பாலின் ஆணையால் எனத் தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கும்.

புறநானூற்றின் 192-ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் வாழ்வை மலையாற்றின் வெள்ளத்தில் செல்லும் மிதவைக்கு ஒப்பிடுகிறார். இப்பாடலை ஆசீவகத்தோடு தொடர்புபடுத்தும் ஆய்வாளர் உளர். அத்தொடர்பு எவ்வாறாயினும், முறையின் வழியே வாழ்வு செல்லும் என்னும் அறிவிலிருந்து புலவர் பெறும் முடிவு செயலின்மை அன்று. பெரியோரை வியத்தலும் வேண்டா, சிறியோரை இகழ்தலும் வேண்டா என்பதாகும். பிறப்பும் பேறும் ஒருவனது தனித்தகுதியால் மட்டும் அமைவன அல்லவாயின், அவற்றைக்கொண்டு மனிதரை மதிப்பிடுதல் பொருந்தாது. நியதிக் கொள்கையின் சமூகப் பயன் இங்கு அறமாக வடிவெடுத்துள்ளது.

மணிமேகலையின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரில் ஆசீவகன் தன் கொள்கையை எடுத்துரைக்கிறான். பெறுதல், இழத்தல், இன்பம், துன்பம், பிறப்பு, இறப்பு முதலியன உயிர் கருவில் தங்கும்போதே உடன்கலந்துவிடும் என்பது அவன் கூற்று. அவ்வுரையின் முடிவில் ஊழ் என்னும் சொல்லே ஆளப்படுகிறது. நியதியைக் குறிக்கத் தமிழ் ஆசீவகர் ஊழ் என்னும் சொல்லைக் கையாண்டனர் என்பதற்கு இது தக்க சான்றாகும். மணிமேகலையோ அதனைக் கேட்டு, ஏற்காது கடந்து செல்கிறாள். கணிகையர் குலத்தில் பிறந்து, அக்குலத் தொழிலை ஏற்க மறுத்துத் துறவை மேற்கொண்ட பெண்ணிடம், யாவும் கருவிலேயே அமைந்தன என்னும் கொள்கை எடுபடாமற்போனது காப்பியப் போக்கிற்கு இயைந்ததே.

சிலப்பதிகாரம்: வழக்கும் விளக்கமும்

முன்வினை வந்து பயனூட்டும் என்பதைத் தன் மூன்று நோக்கங்களுள் ஒன்றாக அறிவிக்கும் காப்பியம் சிலப்பதிகாரம். ஆயின் அந்நூலில் ஊழ் யாரால், எப்போது பேசப்படுகிறது என்பது நுணுகி நோக்கத்தக்கது.

கோவலனைக் கொல்லப் பாண்டியன் ஆராயாது ஆணையிட்ட இடத்தில், வினை விளையும் காலம் வந்தமையைக் காப்பிய ஆசிரியர் சுட்டுகிறார். அஃது ஆசிரியர் கூற்று. வழக்குரை காதையில் கண்ணகி மன்னன் முன் நின்றபோது ஊழ் என்பது எவர் வாதத்திலும் இடம்பெறவில்லை. கண்ணகி தன் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள்; மன்னன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான்; சிலம்பு உடைக்கப்படுகிறது; உண்மை வெளிப்படுகிறது. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றது தன் பிழையே என உணர்ந்த மன்னன், ஊழைக் காரணம் காட்டித் தன்னைக் காத்துக்கொள்ள முயலவில்லை. தன்னையே கள்வன் எனக் கூறி உயிர் துறக்கிறான்.

ஊழ் பற்றிய விளக்கம் அதன்பின், மதுரை எரியுண்ட பிறகு, கட்டுரை காதையிலேயே வருகிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயரில் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் அரச ஊழியனாக இருந்தான் என்றும், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக் கொலையுண்ணச் செய்தான் என்றும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே இப்போது பலித்தது என்றும் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. அத்தெய்வம் இதனை வழக்கு நிகழும்போது அவையில் வந்து கூறியிருக்குமாயின், மன்னன் குற்றமற்றவனாகியிருப்பான். கண்ணகியின் வழக்கும் தோற்றிருக்கும். இளங்கோவடிகள் அவ்வாறு அமைக்கவில்லை. நீதி கேட்கப்பட்டு, குற்றம் ஏற்கப்பட்ட பின்னரே ஊழ் பேசப்படுகிறது. சத்தாலபுத்தரிடம் எழுப்பப்பட்ட வினாவுக்குச் சிலப்பதிகாரம் தன் கதையமைப்பின் வாயிலாக விடை தருகிறது எனலாம்: ஊழ் துயருற்றோர்க்கு விளக்கமாகலாம், குற்றம் செய்தோர்க்கு விலக்காகாது.

இக்காப்பியத்தின் நீர்ப்படைக் காதையில் மற்றொரு செய்தி உள்ளது. புகாரில் கோவலன் தந்தை மாசாத்துவான் தன் செல்வத்தைத் தானமாக அளித்துப் பௌத்தத் துறவியாகிறான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் தானம் செய்து ஆசீவகரிடம் அறம் கொள்கிறான். இருவரின் மனைவியரும் துயர் தாளாது உயிர் நீக்கின்றனர். இச்செய்தியை மாடலன் செங்குட்டுவனிடம் உரைக்கும் இடம் கங்கைக்கரை. இரு தந்தையர்க்கும் நேர்ந்த இழப்பு ஒரே நிகழ்ச்சியால் வந்தது. எனினும் ஒருவன் வினையும் முயற்சியும் உண்டு என்னும் சமயத்தையும், மற்றவன் யாவும் நியதி என்னும் சமயத்தையும் அடைகின்றனர். மகளின் கணவன் செய்த எதனையும் தடுக்க இயலாத நிலையில் இருந்த மாநாய்கனுக்கு, எவரும் தடுத்திருக்க இயலாது என்னும் கொள்கை ஆறுதல் தந்திருக்கும் எனக் கொள்வதில் தவறில்லை. புறச்சூழல் இருவர்க்கும் பொதுவாக அமைந்தது. அதனை ஏற்றுக்கொண்ட விதம் வேறுபட்டது. தெரிவை மறுக்கும் சமயத்தை மாநாய்கன் தேர்ந்துகொண்டமை இவ்வாய்வுக்கு முதன்மையான செய்தியாகும்.

திருக்குறளின் வைப்புமுறை

திருக்குறளில் ஊழ் 38-ஆம் அதிகாரம். ஊழைக் காட்டிலும் வலியது வேறில்லை என்னும் கருத்து அதன் இறுதிக் குறளில் இடம்பெறுகிறது. ஆள்வினையுடைமை 62-ஆம் அதிகாரம். தளராது முயல்வோர் ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்னும் கருத்து அதன் இறுதிக் குறளில் உள்ளது. இதனை முரண்பாடு எனக் கொண்டு அமைதி கூற முயன்றோர் பலர்.

இவ்விரு அதிகாரங்களும் அமைந்துள்ள இடம் இச்சிக்கலுக்குத் தெளிவு தருகிறது. ஊழ், அறத்துப்பாலின் இறுதியில் துறவறவியலை அடுத்துத் தனி இயலாக நிற்கிறது. ஆள்வினையுடைமையோ பொருட்பாலின் அரசியலில், மன்னனுக்குரிய பண்புகளோடு வைக்கப்பட்டுள்ளது. வாழ்வின் ஏற்றத்தாழ்வுகளை எண்ணிப் பார்ப்போனுக்கு ஊழ் கூறப்படுகிறது; பிறர் வாழ்வைக் காக்கும் கடமை உடையோனுக்கு முயற்சி விதிக்கப்படுகிறது. ஆளும் பொறுப்பில் இருப்பவன் தன் குடிகளின் வறுமைக்கு அவர்தம் ஊழைக் காரணம் காட்டுதற்கு வள்ளுவர் இடம் வைக்கவில்லை. சிலப்பதிகாரத்து அவையில் பாண்டியன் நடந்துகொண்ட முறையும் இதனோடு ஒத்திருக்கிறது.

ஆசீவகத்தின் மறைவு

கி.பி. 10-ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் நீலகேசியின் ஆசீவக வாதச் சருக்கம், பூரணன் என்னும் ஆசீவகத் தலைவனோடு நீலகேசி வாதிட்டு வென்றதைக் கூறும். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் ஆசீவகத்தையும் எடுத்து மறுத்தார். ஆசீவகர்மீது விதிக்கப்பட்ட வரியைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் சில குறிப்பிடுகின்றன. 14-ஆம் நூற்றாண்டுக்குப்பின் அவரைப் பற்றிய செய்திகள் அருகிவிடுகின்றன. அசோகரும் தசரதரும் அளித்த குடைவரைகளில் மௌகரி அரசன் அனந்தவர்மன் வைதிகத் தெய்வ உருவங்களை நிறுவியதாக அங்குள்ள பிற்காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பழைய கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசீவகர் என்னும் பெயர் மட்டும் உளியால் சிதைக்கப்பட்டுள்ளது.

இம்மறைவுக்கு நியதியைக் காரணம் கூறி அமைய வரலாற்றாசிரியர்க்கு இயலாது. அரசரின் ஆதரவு குன்றியமை, வரிச்சுமை, எதிர்ச்சமயங்களின் வாதம், நூல்கள் படியெடுக்கப்படாமை ஆகிய சூழல்களை ஒருங்கே கருத வேண்டும். அச்சூழல்கள் ஒவ்வொன்றிலும் மனிதரின் தெரிவு உண்டு. குடைவரையைக் கொடுத்தது ஒருவர் தெரிவு. அதிலிருந்த பெயரைச் சிதைத்தது மற்றொருவர் தெரிவு. ஒருவரின் தெரிவு மற்றவர்க்குப் புறச்சூழலாக அமைகிறது.

முடிவுரை

தெரிவா, சூழலா என்னும் வினாவை இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவாகத் தமிழ் மரபு கருதவில்லை. ஆசீவகம் சூழலின் ஆற்றலை முழுமையாக ஏற்றதன்வழிப் பிறப்பையும் பேற்றையும் கொண்டு மனிதரை மதிப்பிடும் வழக்கத்தின் அடித்தளத்தை அசைத்தது; ஆயின், தீங்கைத் தீங்கு எனச் சுட்டும் உரிமையை இழந்தது. முன்வினைக் கொள்கை அவ்வுரிமையைக் காத்தது. ஆயின், துன்புறுவோன்மீதே பழியைச் சுமத்தும் இடரை உடன்கொண்டிருந்தது. புறநானூறும் சிலப்பதிகாரமும் திருக்குறளும் இவ்விரண்டற்கும் இடையே ஒரு வழியைக் காட்டுகின்றன. பிறர் நிலையை மதிப்பிடும்போது ஊழை நினைத்தலும், தன் செயலுக்கு விடை கூறும்போது ஊழை நாடாதிருத்தலுமே அவ்வழியாகும்.

பிறர் துன்பத்திற்கு அவர்தம் தெரிவையும் தம் பிழைக்குச் சூழலையும் காரணமாகக் காட்டும் வழக்கம் உலகியலில் மிகுதி. தமிழ் மரபு காட்டும் முறை இதற்கு நேர்மாறானது. ஊழ் பற்றிய ஆய்வுகள் அதனை நம்பிக்கை என்னும் அளவில் மட்டும் நோக்காது, அது யாரால், யாரை நோக்கி, எச்சூழலில் பேசப்படுகிறது என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும்.